கொடியில் மூன்று நாள் கிடந்த காலுறை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, பத்திரிகையில் நையாண்டி எழுதிப் பெயர் வாங்கிய நான், ஒரு காலுறைக்குள் பாதி நுழைந்த நிலையில் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். குதிக்கால் வரை வந்த சாமான் அதற்கு மேல் ஏறவும் இல்லை, கழன்று வரவும் இல்லை. நரம்பு புடைத்திருக்கிறது என்று டொக்டர் எழுதித் தந்த இறுக்கமான ஸ்டொக்கிங்ஸ். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன், கால் வீங்குமுன் போட்டுவிட வேண்டும். மனைவி ஆசிரியை; விடியவே பள்ளிக்கூடம் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் கொட்டாஞ்சேனையில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். “அசையாமல் கிடவுங்கோ, வாறன்” என்றாள். எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் கதவுத் திறப்பு ஒன்று இன்னும் அவளிடம் இருக்கிறது. அவள் வந்து சேரும்வரை நான் பார்த்துக்கொண்டு கிடந்தது, யன்னலுக்கு வெளியே பல்கனியில் கட்டியிருக்கும் உடுப்புக் கொடியை.

ஒன்பது வருடங்களுக்கு முன் அதே கொடியில் இதே போன்ற ஒரு சோடி தொங்கியது. அது தங்கச்சியுடையது. முப்பத்தெட்டு வயதில் முதல் பிள்ளை, கணவர் டோகாவில், ஆறாம் மாதத்தில் எங்களோடு வந்து தங்கினாள். கால் இரண்டும் வீங்கி, நரம்புகள் நீலமாய்ப் புடைத்திருந்தன. இரத்தம் கட்டிவிடக் கூடாது என்று டொக்டர் அந்தக் காலுறையை எழுதிக் கொடுத்தார். முதலில் மனைவிதான் போட்டுவிட்டாள். பிறகு தங்கச்சிக்கு இரவெல்லாம் தூக்கமில்லாமல் விடியற்காலையில்தான் கண்ணயர்ந்தது. அவளை எழுப்ப மனமில்லாமல் மனைவி அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போனாள்.

வழுக்காமல் இழுப்பதற்கு, பாத்திரம் கழுவும் மஞ்சள் றப்பர் கையுறை. அதை மாட்டிக்கொண்டு, மாட்டுக்குப் பிரசவம் பார்க்க வந்தவன் போல அவளது அறைக்குள் போனேன். தங்கச்சி காலை இழுத்துக்கொண்டாள்.

“ஐயோ அண்ணா, நீங்கள் மூத்த ஆள். என்ர காலைத் தொட்டால் எனக்குத்தான் பாவம். விடுங்கோ, நான் போடுவன்.”

எங்கள் வீட்டில் சிறியவர்கள்தான் பெரியவர்களின் காலைத் தொடுவார்கள். மாறித் தொடும் வழக்கமே இல்லை. அந்தக் கிழமைதான் பல்லி சொல்லும் பலனையும் இராகு காலத்தையும் கிழி கிழியென்று கிழித்து எழுதியிருந்தேன். அப்படிப்பட்ட பகுத்தறிவாளன் அன்று காலை ஒரு நொடியில் சம்பிரதாயத்தின் காவலனாகிவிட்டேன். “அதுவும் சரிதான்” என்று கையுறையைக் கழற்றினேன். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இன்றுதான் எழுதுகிறேன்.

சில நாள் அவள் தானே போட்டாள். வயிற்றோடு குனிந்து மூச்சு வாங்குவது கதவுக்கு வெளியே கேட்கும். ஒரு திங்கட்கிழமை அந்தச் சோடி கழுவிக் கொடியில் கிடந்தது. கடற்காற்று புகுந்து ஊதியதும் இரண்டு கால்கள், கீழே கடலோரமாய்க் கோட்டைக்குப் போகும் ரயிலை உதைப்பது போலிருந்தது. உவமை பிடித்துப்போய்க் குறித்துவைத்தேன். செவ்வாய்க்கிழமையும் அங்கேயே கிடந்தது. புதன்கிழமை உப்புக் காற்றில் விறைத்தே போயிருந்தது. வீட்டில் இருந்தது அந்த ஒரு சோடிதான். பாமசியில் வாங்கி வந்தவனே நான். நீண்ட கவுணுக்குள் அவள் வெறுங்காலோடு திரிகிறாள் என்பது எனக்குத் தெரியும். கேட்டால் நான் போட்டுவிட வேண்டிவரும். கேட்கவில்லை. வியாழக்கிழமை, ரயிலை உதைக்கும் கால்களைப் பற்றிய பத்தி அச்சில் வந்தது. மூன்று பேர் போன் எடுத்துப் பாராட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை அவளது இடது கெண்டைக்கால் சிவந்து, தொட்டால் சுட்டது. இரத்தம் கட்டியிருந்தது. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்றார் டொக்டர். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஊசி, அதுவும் பிள்ளை கிடக்கும் அந்த வயிற்றிலேயே. மனைவி ஊசி போடும் நேரத்தில் நான் ரீவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். “ஸ்டொக்கிங்ஸ் போட்டிருந்தாலும் வந்திருக்கலாம்” என்றார் டொக்டர். நான் மூன்று முறை கேட்டேன். பாவம், மூன்று முறையும் அதையே சொன்னார். பிள்ளை சுகமாகப் பிறந்தாள். இப்போது எட்டு வயது. நான் விடும் பகிடிக்குச் சிரித்துச் சிரித்து என்னை “பகிடி மாமா” என்கிறாள்.

கதவில் திறப்புத் திரும்பும் சத்தம் கேட்டது. வியர்வையோடு வந்த தங்கச்சி, கைப்பையிலிருந்து மஞ்சள் கையுறையை எடுத்து மாட்டினாள். கட்டில் விளிம்பில் அமர்ந்து என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். தங்கச்சி அண்ணனின் காலைத் தொடலாம். வழக்கம் அன்றும் இன்றும் எனக்கே வசதியாக இருக்கிறது.

“அண்டைக்கு உன்ர ஸ்டொக்கிங்ஸ் மூண்டு நாள் கொடியில கிடந்ததை நான் கண்டனான்,” என்றேன். “தெரிஞ்சுகொண்டுதான் கேக்காமல் விட்டனான்.”

அவள் கை நிற்கவில்லை. “தெரியும். நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையோட நிண்டு பார்த்ததை நான் அறைக்குள்ள இருந்து கண்டனான். குனிய ஏலாமல் கிடந்தன். விடுங்கோ எண்டு சொன்ன வாயால திருப்பிக் கேக்கவும் வெக்கம். நீங்களாக் கேப்பீங்கள் எண்டு மூண்டு நாளும் பார்த்துக்கொண்டிருந்தனான்.”

வெளியே ஒரு ரயில் போய் முடிந்தது. காலுறை முழங்காலுக்குக் கீழே சுருக்கமில்லாமல் ஏறியிருந்தது. தங்கச்சி மற்றக் காலை எடுத்து மடியில் வைத்து, பெருவிரலைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

“முதல்ல நகத்தை வெட்டுங்கோ அண்ணா. சாமான் கிழியப்போகுது.”