அப்பாவின் சைக்கிளும் பிரஷரும்

டிஸ்பென்சரியில் நர்ஸ் மிஸ்ஸி இருந்தார். என் மகள் இருந்தாள். நான் இருந்தேன். மிஸ்ஸி என் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். அந்தப் புஸ் புஸ் சத்தம் அப்பாவின் சைக்கிள் பம்பு போலவே இருந்தது.

அப்பா தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர். தலவாக்கலையிலிருந்து பையோடு மலைப்பாதையில் மிதித்தே வருவார். எனக்கு ஒன்பது வயதில், தோட்டத்து டாக்டர் அவருக்குப் பிரஷர் பார்த்தார்.

"கூடிப் போச்சு. இனி சைக்கிள் மிதிக்கக் கூடாது."

சைக்கிள் போனால் தபால் வேலையும் போகும். அம்மா விடவில்லை.

"ஐயா, மேடு மிதிச்ச மூச்சோட பார்த்தா கூடத்தான் காட்டும். கருவாட்டையும் நான் நிப்பாட்டுறேன். ஒரு மாசம் குடுங்க."

மறுநாள் முதல் ரொட்டியில் உப்பு இல்லை. தேங்காய்ச் சம்பலிலும் இல்லை.

"இது ரொட்டியா, செருப்புத் தோலா?" என்றார் அப்பா.

"சைக்கிள் வேணுமுன்னா தின்னுங்க" என்றாள் அம்மா.

மாதம் முடிந்ததும் அவரை வாங்குப் பலகையில் அரைமணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "மிதிய்யா" என்றார். ஓய்வு பெறும்வரை அப்பா மிதித்தார்.

"இந்த வயசுல இவ்வளவு நல்லா இருக்கே! என்னம்மா சாப்பிடுறீங்க?" என்றார் மிஸ்ஸி, என் கைப் பட்டியைக் கழற்றியபடி.

"உப்பில்லாத ரொட்டி" என்றேன்.

அந்த ஒரு மாதம் கழித்து அப்பாவுக்கு வந்த அதே எண்தான் எனக்கும் வந்திருந்தது. நூற்று முப்பதுக்கு எண்பது.