காலியாகக் கிடந்த நாற்பது ஜி.பி.

என் தம்பிக்குப் பிளஸ் டூவில் கிடைத்த இலவச லேப்டாப் அது. ஆன் செய்ததும் கறுப்புத் திரையில், விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும். எங்கள் வீட்டில் விண்டோஸ் என் பக்கம், லினக்ஸ் அவன் பக்கம். அறந்தாங்கியில் ஒரு அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுப்பேன். அச்சகத்துப் பென்டிரைவில் இல்லாத வைரஸ் கிடையாது. "ஒன் பக்கம் குப்பைத்தொட்டிக்கா. என் பொருளெல்லாம் அங்கிட்டு வச்சிருக்கேன், அங்கிட்டு வைரஸ் வராது" என்பான். வைரஸ் போகவில்லைதான். நான் போனேன்.

அத்தா மௌத்தான பிறகு வீட்டில் அம்மா, நான், அவன், மூன்று பேர்தான். அவன் சவுதிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. லேப்டாப்பின் கீல் உடைந்து, மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் வேலை பார்ப்பேன். ஒரு முகூர்த்த சீசனில், ஃபைலைச் சேமிக்க இடமில்லை என்று அடம்பிடித்தது. அச்சகத்திலிருந்து ஓயாமல் போன். எரிச்சலில் டிஸ்க்கில் எங்கே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். பெயரே இல்லாமல், தனியாகத் தடுத்து வைத்த நாற்பது ஜி.பி. பார்ட்டிஷன் ஒன்று கிடந்தது. அது தம்பியின் பக்கம் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். இரண்டு வருஷமாக ஆள் புழங்காத இடத்தில் என்ன பெரிய புதையல் இருக்கப்போகிறது என்று நினைத்தேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டெலீட் கொடுத்து, ஃபார்மட் அடித்து, எனக்கொரு புது டிரைவ் ஆக்கிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் ஆன் செய்தால் விண்டோஸும் வரவில்லை, லினக்ஸும் வரவில்லை. அப்படியொரு பார்ட்டிஷனே இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ரெண்டு வீட்டுக்கும் வாசல் அந்த லினக்ஸ் பக்கந்தாங்க இருந்துச்சு. நீங்க வாசலோட சேத்து இடிச்சுட்டீங்க" என்றார் அவர். விண்டோஸுக்குத் தனியாக ஒரு வழி பண்ணிக் கொடுத்தார். அப்பாடா என்று வந்துவிட்டேன். அந்தச் சீசன் பத்திரிகை முழுவதையும் புது டிரைவில்தான் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து, வெள்ளிக்கிழமை, தம்பி போன் செய்தான். அவனுக்கு அன்றுதான் லீவு.

"அக்கா, லினக்ஸ்ல 'வீடு'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அத எனக்கு அனுப்பேன்."

"என்னடா இருக்கு அதுல?"

"சும்மா, பழசு. இங்க தூக்கமே வரமாட்டேங்குது. அனுப்புக்கா."

அழிச்சுட்டேண்டா என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பான், அத்தோடு போயிருக்கும். ஆனால் தம்பியிடம் போய்த் தப்பு என்று ஒத்துக்கொள்வதா? எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. "பத்திரிகை வேலை தலைக்கு மேல கெடக்கு. அடுத்த வாரம் பாக்குறேன்" என்றேன், சிடுசிடுவென்று.

மறுநாளே லேப்டாப் திரும்பவும் சர்வீஸ் கடைக்குப் போனது. அவர் கேட்ட முதல் கேள்வியே, "அழிச்சதுக்கப்புறம் அந்த எடத்துல ஏதாச்சும் போட்டீங்களா?" என்பதுதான்.

"ஒரு சீசன் பத்திரிகை முழுக்க."

அவர் 'ச்சு' கொட்டினார். மேலே எழுதிவிட்டால் அடியில் இருந்தது போனது போனதுதானாம். எழுதாத இடங்களைத் துழாவிப் பார்க்கலாம், டிஸ்க்கும் பழசு, பாதி இடத்தில் ரீட் ஆகாமல் நிற்கிறது, நாளாகும் என்றார். இரண்டாவது வெள்ளி தம்பி கேட்டான். "நெட் சரியில்லடா" என்றேன். மூன்றாவது வெள்ளியும் கேட்டான். "சொன்னதையே சொல்லிக்கிட்டு உசுர வாங்காத, அனுப்புறேன்னு சொல்றேன்ல" என்று கத்தினேன். "சரி விடுக்கா" என்றான்.

அடுத்த புதன்கிழமை அவன் ரூமில் கூட இருந்தவர் போன் செய்தார். நெஞ்சு வலி என்றானாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

மையித்தை ஊருக்கு அனுப்பவா, அங்கேயே அடக்கவா என்று கேட்டார்கள். "புள்ளையப் பொட்டியில போட்டு அலைக்கழிக்க வேணாம். அங்கேயே அடக்கட்டும்" என்றாள் அம்மா. அதனால் இங்கே ஒரு பிடி மண் போடக்கூட வழியில்லாமல் போனது. ஆட்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து சர்வீஸ் கடைக்காரர் கூப்பிட்டார். பெயரெல்லாம் போய் வெறும் நம்பர்களாக நூற்றுக்கும் மேல் ஃபைல்கள் கிடைத்திருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றும் திறக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு ஆடியோ ஓடியது. பதினோரு நிமிஷம்.

அவன் சவுதிக்குக் கிளம்பிய அன்றைக்கு எடுத்தது. லேப்டாப்பை ஓரமாக வைத்து, எங்களுக்குச் சொல்லாமல் ரெக்கார்டு போட்டிருக்கிறான். பாத்திரம் உருளும் சத்தம். "ஊறுகாய் மூடிய நல்லா திருகு புள்ள, சட்டையெல்லாம் எண்ணெயாயிரும்" என்று அம்மா. "அந்த லேப்டாப்பையே கட்டிக்கிட்டு அழு. பொட்டிய யாரு கட்டுறது?" என்று நான். அப்புறம் எதற்கோ நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். எதற்கு என்று ஞாபகமில்லை. அந்த ஃபோல்டர் முழுக்க இப்படித்தான் இருந்திருக்கும். எங்கள் சத்தத்தைத்தான் அவன் சேர்த்து வைத்திருக்கிறான். தூக்கம் வராமல் கேட்டது இதைத்தான்.

பின்னால் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ தெரியாது.

"அவன் பேசுறது எங்க?"

சத்தத்தைக் கூட்டி முதலிலிருந்து வைத்தேன். அவன் பேசவே இல்லை. நான் திட்டுகிற இடத்தில் ஒரு "ம்" சொல்கிறான், அவ்வளவுதான். அம்மா அந்த "ம்"மைத் திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னாள்.

பிறகு கேட்டாள்: "இதத்தானே அவன் அனுப்பச் சொல்லிக்கிட்டே இருந்தான்? அனுப்புனியா?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அனுப்பிட்டேம்மா."

"எப்ப?"

"கடைசியாக் கேட்டான்ல, அந்த வெள்ளிக்கிழமையே."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மௌத்துச் செய்தி வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் இல்லாத ஒரு நிம்மதி வந்தது. "அப்பச் சரி. எஞ்சத்தத்தக் கேட்டுட்டுத்தான் எம்புள்ள கண்ண மூடியிருக்கு."

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அதைச் சொல்கிறாள். அவள் சொல்ல ஆரம்பித்ததும் நான் டீ போட உள்ளே போய்விடுகிறேன்.