எண்ணூரில் ஊதிய கல்யாணி

கோதண்டத்தை நல்லவர் என்பதா, பாவி என்பதா? அவரையே கேட்டிருந்தால் சட்டென்று பாவி என்றுதான் சொல்லியிருப்பார். திருமுல்லைவாயிலில் அவருடைய நாயனத்தைக் குறை சொன்ன ஆள் கிடையாது. குணத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு. முன்கோபி, வாய்த்துடுக்கு, பந்தியில் ரசம் ஆறியிருந்தால் இலையை விட்டு எழுந்து போய்விடுவார். கல்யாணம் கட்டாத கட்டை. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஊதி ஊதியே அவருக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது.

பாசம் வைக்க அவருக்கு இருந்ததெல்லாம் தவுல்காரர் ஜம்புலிங்கத்தின் வீடுதான். பன்னிரண்டு வருஷமாக ஜோடி. ஜம்புலிங்கத்தின் பெண் சாமுண்டீஸ்வரிக்கு ஐந்து வயது. "பெரீப்பா, சீவாளி குடு" என்று மடியில் ஏறி, ஊதுகிற சீவாளி எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவருடைய நாயனத்தைத் தலைகீழாகப் பிடித்து ஊதிப் பார்க்கும். வேறு யாராவது அந்த நாயனத்தைத் தொட்டிருந்தால் அன்றைக்கே கொலை விழுந்திருக்கும்.

முப்பத்தாறாம் வருஷம் வைகாசியில் எண்ணூரில் ஒரு கல்யாணம். உப்பு வியாபாரி செங்கல்வராயனின் பெண் நாகவல்லிக்கு. புறப்படுகிற அன்று சாமுவுக்கு மூன்று நாள் காய்ச்சல். ஜம்புலிங்கம் தவுலைத் தோளில் மாட்டாமல் வாசலிலேயே நின்றார். அவருடைய மனைவி வரலட்சுமி குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். கோதண்டம்தான் அதட்டினார்.

"இன்னா ஜம்பு, காச்சல் வராத கொழந்த எங்கனா கீதா? நாளைக்கிக் காத்தால முகூர்த்தம். பதினொண்ணே கால் ரயில்ல உன்ன ஏத்தி வுட வேண்டியது என் பொறுப்பு. போதுமா?"

அந்த வார்த்தையை நம்பித்தான் ஜம்புலிங்கம் கிளம்பினார்.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். கடலோரப் பந்தலில் ஜம்புலிங்கம் தவுலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். கோதண்டம் வெற்றிலைக்காக வெளியே வந்தபோது, ஜம்புலிங்கத்தின் பக்கத்து வீட்டுத் துலுக்கானம் மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்தான்.

"கொழந்தைக்கு ஜன்னி கண்டுடுச்சு அண்ணாத்தே. நைனா நைனான்னு அனத்திக்கினே கீது. ஜம்புவ உடனே இட்டுகினு வரச் சொல்லுச்சு வரலட்சுமி."

கோதண்டத்தின் பின்னாலேயே வந்த செங்கல்வராயன் காதிலும் அது விழுந்துவிட்டது. பாவம், அந்த மனுஷரைச் சொல்லியும் குற்றமில்லை. போன தையிலேயே நடக்க வேண்டிய கல்யாணம். சம்பந்தி வீட்டில் சாவு விழுந்து நின்றுபோனது.

"கோதண்டம், மேளம் இல்லாத தாலின்னா ஊரு எம் பொண்ண இன்னா பேசும்? தாலி ஏறட்டும். அந்த நிமிசமே வண்டி கட்டி ஸ்டேஷனுக்கு அனுப்பறேன்."

கோதண்டம் யோசித்துப் பார்த்தார். பதினொன்றே காலுக்கு முன்னால் எப்படியும் ரயில் கிடையாது. இப்போது சொன்னால் ஜம்பு மூன்று மணி நேரம் துடிப்பான், அவ்வளவுதான். சொல்லாமல் இருப்பதே அவனுக்கு நல்லது. அவர் நினைத்தது நியாயம்தான்.

"நீ போயி ஸ்டேஷன்ல நில்லு. நானே இட்டுகினு வரேன்" என்று துலுக்கானத்தை அனுப்பிவிட்டார்.

ஒன்பதரைக்குக் கெட்டி மேளம் முழங்கியது, தாலி ஏறியது. ஜம்புலிங்கத்தின் முகத்தைப் பார்க்காமலேயே கோதண்டம் ஊதினார். செங்கல்வராயனும் சொன்ன சொல் தவறவில்லை. பந்தலுக்குப் பின்னால் மாட்டு வண்டியைக் காட்டி, "நீங்க கெளம்புங்க, இது போதும்" என்று கும்பிட்டார்.

ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம். தாலி ஏறிய பெண்ணும் மாப்பிள்ளையும் மேளத்தோடு கடலுக்குப் போய்க் கால் நனைத்துவிட்டுத்தான் இலையில் உட்காருவார்கள். ஜனம் ஏற்கெனவே கடல் பக்கம் திரும்பி நின்றது. மணி இன்னும் பத்துகூட ஆகவில்லை. கால் நனைக்கிற வரைக்கும் ஊதினால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கோதண்டம் கல்யாணி ராகத்தை எடுத்தார்.

அங்கேதான் வந்தது வினை.

அடேயப்பா, அப்படி ஒரு கல்யாணி அவர் வாழ்நாளில் அதற்கு முன்பும் ஊதியதில்லை, பின்பும் ஊதியதில்லை. கடல் காற்று எதிரே தள்ள, மூச்சு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளைத் தோழர்கள் பட்டணத்திலிருந்து கொண்டுவந்த கிராமபோனைத் தாங்களே நிறுத்திவிட்டு மணலில் வந்து உட்கார்ந்தார்கள். ஜம்புலிங்கமோ ஒவ்வொரு பிடிக்கும் தவுலில் பதில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "இன்னொரு வாட்டி அண்ணாத்தே!" என்று யாரோ கத்தினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் கால் நனைத்துத் திரும்பியாயிற்று. கோதண்டம் இன்னொரு வாட்டி ஊதினார், அதற்கு மேலும் ஊதினார். சாமு அவருக்கு நினைவிலேயே இல்லை. ஜன்னி கண்ட குழந்தையை மறந்துவிட்டார், ஐயா, சுத்தமாக மறந்துவிட்டார்!

நாயனத்தை வாயிலிருந்து எடுத்தபோது ஜனம் ஆரவாரம் செய்தது. அது அடங்கிய பிறகுதான் எண்ணூர் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும் ரயிலின் ஊதல் அவர் காதில் விழுந்தது.

ஜம்புலிங்கத்தைத் தனியாக இழுத்துப் போனார். "இப்பதான் சேதி வந்துச்சு ஜம்பு. கொழந்தைக்கி ஒடம்பு மோசமாம்" என்றார். பொய்யை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும் என்று அதுவரை அவருக்கே தெரியாது.

அடுத்த ரயில் மூன்று மணிக்கு. பேசின் பிரிட்ஜில் மாறி, ஆவடியில் இறங்கி, இரண்டு பேரும் ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தபோது ஊரில் விளக்கு வைத்துவிட்டார்கள். சாமு மூன்று மணிக்கே போய்விட்டிருந்தாள். ஜம்புலிங்கம் துணியை விலக்கி முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையில் விழுந்து கதறினார். கோதண்டமும் கதறினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவரைக் கொன்றது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஜம்புலிங்கம், "சேதி வந்ததும் அண்ணாத்தே சாப்பாட்டக்கூடத் தொடாம எங்கூட ஓடியாந்தாரு. கூடப் பொறந்தவன் செய்வானா?" என்று சொல்லிச் சொல்லி அழுதார். ஒவ்வொரு தடவையும் கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு மாதம் கழித்து, அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட அந்த வீட்டுக்குப் போனார். ஜம்புலிங்கம் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். வரலட்சுமி கதவோரம் வந்து நின்றாள்.

"எட்டு மணிக்கே உங்களாண்ட சொல்லிட்டேன்னு துலுக்கானம் சொன்னான் மாமா. அவன் வாயக் கட்டிட்டேன். அவருக்கும் நான் சொல்லல. சொன்னா அவரு உங்க மூஞ்சியில முழிக்க மாட்டாரு, தவுலத் தொட மாட்டாரு. அப்பால நாங்க எத்த வச்சிப் பொழைக்கறது?"

அவள் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கோதண்டத்துக்கு.

"ஆனா உங்களுக்குத் தெரியணும். அந்தப் பதினொண்ணே கால் ரயில்ல துலுக்கானம் ஒண்டியா வந்து நின்னப்போ கொழந்தைக்கு நெனவு இருந்துச்சு. கண்ணத் தொறந்து பாத்துச்சு. 'நைனா வரலியா? பெரீப்பாவாவது வந்தாரா?'ன்னு கேட்டுச்சு."



பின்கட்டிலிருந்து ஜம்புலிங்கம் குரல் கொடுத்தார்: "அண்ணாத்தேவா வந்துகீறாரு? நிக்க வச்சிப் பேசிக்கினு இருக்காத, வரலட்சுமி. சோத்தப் போடு."