மாலையைத் தின்ற ஆடுகள்

மன்னார்க் கரையில் அப்பாவின் கூத்து ஆடாத கோயில் இல்லை. தோட்டவெளிப் பக்கம் ஓர் ஒழுங்கைக்கு அவருடைய பெயரை வைத்திருக்கிறார்கள். திருநாள் வந்தால் வயதானவர்கள் என்னைக் கண்டு, "புலவற்ர மோள்" என்று பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவார்கள். அந்தப் பெருமை எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அப்பா செத்துச் சில வருடங்களுக்குப் பிறகு அவருடைய கூத்துகளையெல்லாம் ஒரே புத்தகமாகப் போடுவதென்று எங்கள் கோயில் பங்கில் முடிவு செய்தார்கள். அண்ணன்தான் குழுவுக்குத் தலைவர். கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு ஒரு தலைமை கிடைத்தால் கேட்கவும் வேண்டுமா? முன்னுரை எழுத யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு விரிவுரையாளரை அழைத்தார். வந்தவள் சின்னப் பெண். பள்ளிமுனையில் எங்கள் வீட்டில் தேத்தண்ணியை வாங்கி வைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"அக்கா, உங்கட அப்பா எப்பவாவது பிள்ளை குளிப்பாட்டினவரோ?"

நான் சிரித்துவிட்டேன். அப்பா சோற்றுக் கோப்பையைக்கூடத் தூக்கி வைக்காத ஆள். அவள் சிரிக்கவில்லை. வசம்பு சுட்டுத் தடவுவதும், பால் கட்டிக்கொண்ட மார்பின் நோவும் இந்தக் கூத்துகளில் எப்படி வந்தன என்று கேட்டாள். பிறகு இன்னொன்றும் கேட்டாள். சண்டைக் காலத்தில் பல வருடம் அப்பா ஒரு வரிகூட எழுதாதது ஏன்?

அப்போதுதான் நான் அந்த வருடங்களை எண்ணிப் பார்த்தேன். அந்த வருடங்களில் மாமி இங்கே இல்லை. படகேறி இந்தியாவுக்குப் போய் மண்டபம் அகதி முகாமில் இருந்தார். அவர் திரும்பி வந்த அடுத்த திருநாளுக்கு அப்பாவிடமிருந்து புதுக் கூத்து வந்தது.

மாமி அப்பாவின் அக்கா. இளமையிலேயே புருசனையும் கைக்குழந்தை ஒன்றையும் பறிகொடுத்துவிட்டு எங்களோடு வந்து இருந்தவர். முதல் கூத்தின் கதை ஊருக்கே தெரியும். அப்பா கல்யாணத்துக்கு முன் சோளகக் காற்றில் வள்ளத்தோடு அள்ளுண்டு போனார். எல்லோரும் கைவிட்ட பிறகும் மாமி மட்டும், தம்பி திரும்பி வந்தால் அந்தோனியாருக்குக் கூத்து ஒன்று கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். தம்பி திரும்பி வந்தார்.

எங்கள் பக்கத்தில் நேர்த்திக்கு ஒரு முறை உண்டு. யாருக்காக நேர்ந்ததோ, அவர் கையால்தான் காணிக்கை போகவேண்டும். காய்ச்சல் மாறிய பிள்ளையின் கையைப் பிடித்தே மெழுகுதிரியைக் கொளுத்துவிப்பார்கள். அப்படித்தான் கூத்தையும் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பீடத்துக்கு முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்தவர்தான் எழுதியவர் என்று ஊர் எடுத்துக்கொண்டது. அக்கா நேர்ந்தாள், தம்பி எழுதினான் என்பதாகவே அந்தக் கதை நிலைத்துப் போனது. அப்பாவுக்கு நல்ல குரல், நல்ல உயரம். மேடையில் மாலை போட்டால் பொருத்தமாகத்தான் இருக்கும்.

அந்த மாலைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் அப்பா வீட்டுக்கு வந்ததும் மாலையைக் கழற்றிக் குசினிக் கதவின் ஆணியில் கொழுவுவார். அந்தோனியார் சுருவத்துக்குப் போடமாட்டார், கூட்டாளிகளுக்குக் காட்டமாட்டார். நேரே கைகால் கழுவப் போய்விடுவார். மாமி அதை எடுத்து ஆடுகளுக்குப் போடுவார். "தின்னுங்கோடி, புலவற்ர மாலை" என்பார். நாங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்பா ஏன் அந்த ஆணியைத் தேடிப் போனார் என்று எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகுதான் கேட்கத் தோன்றியது. கேட்பதற்கு அவர் இல்லை.

நான் அண்ணனிடம் போனேன். மாமி உயிரோடு இருக்கும்போதே புத்தக அட்டையில் அவர் பெயர் வரவேண்டும் என்றேன்.

"செத்த மனிசனை ஏன்டி சந்திக்கு இழுக்கிறாய்? மாமி தன்ர வாயால சொல்லட்டும், போடுறன்" என்றார்.

அதையே பிடித்துக்கொண்டு பங்குச் சாமியாரை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மாமிக்கு அப்போது கண் முழுதாக மங்கிவிட்டது. கதிரையில் நிமிர்ந்து இருந்து, சாமியார் கேட்டதைக் கேட்டுவிட்டு, மடியிலிருந்த செபமாலையைச் சுருட்டினார்.

"குடுத்த காணிக்கையை ஆரும் திருப்பிக் கேக்கிறதோ, சாமி?"

அது ஓமா இல்லையா என்று சாமியார் கேட்கவில்லை. அண்ணன் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார். எனக்கு மாமிமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அன்று முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரோ வழக்கம்போல ஆட்டுக்குக் குழை போட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

புத்தகம் அப்பாவின் பெயரோடு வந்தது. வெளியீட்டு விழாவில் அண்ணனுக்கு மாலை. விரிவுரையாளப் பெண் தன் முன்னுரையில் ஐயத்தை ஒரு வரியில் மெல்லத் தொட்டிருந்தாள். குழு அந்த வரியை எடுத்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு பின்னேரம், வாசித்துக் காட்டச் சொல்லி மாமியே கேட்டார். முதல் கூத்தைத் தொடங்கினேன். மகனைக் கடலில் தொலைத்த தாய் கரையில் நின்று அழும் இடம் வந்தது. அதை முடித்து அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். மாமி கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"இதில ஒரு பாட்டுக் குறையுது."

"அச்சில இவ்வளவுதான் மாமி இருக்கு."

"அவள் அந்தோனியாரை ஏசுற பாட்டு எங்க? சாமியார் கோவிப்பார் எண்டு தம்பி வெட்டிப்போட்டான். வெட்டாதை, அதுக்காகத்தான்டா மிச்சம் முழுக்க எழுதினனான் எண்டு சொன்னனான். கேட்டானோ?"

பிறகு அதைப் பாடினார். உடைந்த குரல், ஆனால் மெட்டு ஓரிடத்திலும் தவறவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேனே தவிர எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு மிஞ்சியது இரண்டு வரிதான்.

*ஏற்றிவைத்த திரியெல்லாம் யாருக்கு வெளிச்சமையா,*
*என் பிள்ளை இருட்டினிலே வழிதேடித் திரிகையிலே.*

பாடி முடித்த பிறகுதான் தன் வாயால் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். என் கையைத் தேடிப் பிடித்தார். அந்தப் பிடி நோகும் அளவுக்கு இறுக்கமாக இருந்தது.

"என்ர பேர் ஒரு இடத்திலயும் வரப்படாது. அவன் திரும்பி வந்தவன், பிள்ளை. எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"உங்களுக்குக் காணும். எனக்குக் காணாது மாமி" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னொருக்காப் பாடுங்கோ" என்று கெஞ்சினேன். மாட்டேன் என்று தலையாட்டினார். பேர் வராது என்று நான் வாக்குக் கொடுத்த பிறகுதான் என் கையை விட்டார். அந்த வருட மாரிக்குள் போய்விட்டார். பூசையில் சாமியார் அவரைப் "புலவரின் சகோதரி" என்றுதான் சொன்னார். நான் இருந்த வாங்கிலிருந்து எழும்பிக் கத்தவேண்டும் போல் இருந்தது. எழும்பவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டேனே.

அடக்கத்துக்கு வந்த மாலைகளில் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து குசினி ஆணியில் கொழுவினேன். காலையில் அதை ஆடுகளுக்குப் போட்டேன். அந்தோனியாரை ஏசிய தாயைப் போல எனக்கும் யாரையாவது ஏச வேண்டும் போல் இருக்கிறது. அப்பாவை ஏசவா, ஊரை ஏசவா என்று பார்த்தால், கடைசியில் மாமியைத்தான் ஏசுகிறேன். கதையைச் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை, அதனால் சொல்லிவிட்டேன். பெயர்தான் வரக்கூடாது என்றார். இவ்வளவும் எழுதி, திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டேன். இதிலும் எங்கும் அவர் பெயர் இல்லை.