கல்லூரி பார்க்கப் போன சனிக்கிழமை

அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிய வருடம், வடக்குக் கல்கத்தாவில் இருந்த ஒரு பழைய கல்லூரியைக் காட்ட அப்பா எங்களை அழைத்துப் போனார். தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா மத்திய அரசு ஊழியர்; சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். பூர்த்தி செய்த விண்ணப்பம் மடங்காமல் அக்காவின் பைக்குள் இருந்தது. அம்மா புதுப்புடவை கட்டச் சொன்னதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. நல்ல காரியத்துக்குத்தானே போகிறோம்.

வாசல் தூண்களுக்கு அடியில் அப்பாவின் நண்பர் ஒருவர் மனைவியோடும் மகனோடும் தற்செயலாக வந்தவர்போல் நின்றிருந்தார். அவர்கள் வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். “அக்காகிட்ட மூச்சு விடாதே” என்று காலையிலேயே அம்மா சொல்லியிருந்தாள். எனக்கு ஒன்பது வயது.

அப்பா உற்சாகமாக வரலாறு சொன்னார். ஒரு ஜமீன்தார் மாளிகையில் இருபது பையன்களோடு தொடங்கியதாம். பிறகு தூண்கள் வைத்த முன்கட்டு, இடம் போதாமல் செங்கல்லில் ஆய்வுக்கூடம். பெண்களைச் சேர்க்க மட்டும் வெகுகாலம் ஆயிற்றாம்.

“எவ்வளவு அநியாயம் பாருங்க!” என்றார் அப்பா.

நண்பரின் மனைவி அக்காவைப் பார்த்து, “மாடியில லைப்ரரி இருக்காமே, ஏறிப் பாத்துட்டு வாயேம்மா” என்றாள். அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அந்த அம்மாள் அவள் பாதங்களையே பார்த்தாள். “கால்ல குறை ஒண்ணுமில்ல” என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

அக்கா மூச்சு வாங்க இறங்கி வந்தாள். “கூரை வரைக்கும் புஸ்தகம்ப்பா! அட்மிஷன் ஆபீஸ் எங்க?”

“இன்னிக்கு அரை நாள். மூடியிருப்பாங்க.”

எதிர்க்கட்டிடத்து ஜன்னலில் பிள்ளைகள் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றிருந்தார்கள். அக்கா அந்த வரிசையைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா சொன்னாள்: “பையன் ரயில்வேல எஞ்சினியர். சாந்த்ராகாச்சில குவார்ட்டர்ஸ். உன்னைப் பிடிச்சிருக்காம்.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “உனக்குத் தெரியுமா?”

“காலையிலேயே தெரியும்” என்றேன் பெருமையாக.

அந்த விண்ணப்பம் எந்த ஜன்னலுக்கும் போகவில்லை. ஆவணியில் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து, ரகசியத்தை எப்படிக் காப்பாற்றினேன் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். மணக்கோலத்தில் இருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று, அருகில் போய் இன்னொரு முறை சொன்னேன்.