ஊருணிக்குள் இருந்த கிணறு

எனக்குப் பதினோரு வயது நடந்தபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மாமா என் பெயரை டிரையத்லான் போட்டிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. காரைக்குடியில் வங்கி வேலை. அந்த வருடம் உடம்பை இளைக்கவைக்க வேண்டும் என்ற ஆசை வந்து, இறுக்கமான கால்சட்டையை மாட்டிக்கொண்டு காலையில் செக்காலை ரோட்டில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். அவரைப் போலவே இளைக்க ஆசைப்பட்ட பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, முதன்முதலாக ஒரு போட்டி நடத்துவது என்று முடிவு செய்தார்கள். நெற்குப்பைக்குப் போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊரில் பெரிய ஊருணியும் வண்டி அதிகம் வராத ரோடும் இருந்ததால் இடமும் அமைந்துவிட்டது. முதலில் நீச்சல், ஈரத்தோடு சைக்கிள், இறங்கியதும் ஓட்டம். பெரியவர்களுக்குப் பெரிய தூரம், பிள்ளைகளுக்குச் சின்ன தூரம். பிள்ளைகள் பட்டியலில் ஒரு பெண்பிள்ளைகூட இல்லையே என்று யாரோ கேட்டுவிட, மாமா ரோஷப்பட்டு என்னை எழுதிவிட்டார்.

சைக்கிள் எனக்கு வரும். ஓட்டமும் வரும், பள்ளிக்கூட மணி அடித்த பிறகு வீட்டிலிருந்து கிளம்புகிறவளுக்கு ஓட்டம் வராமல் இருக்குமா. நீச்சல்தான் தெரியாது. டவுனில் ஒரு ஓட்டலின் நீச்சல்குளத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது, கொண்டுபோய்ச் சேர்க்கட்டுமா என்று மாமா கேட்டபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்.

"எதுக்கு மாப்ள அம்புட்டு தூரம்? நான் இருக்கேன்ல."

அம்மா ரசக் கரண்டியைப் பிடித்தபடி அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா ரசத்தைப் பார்த்தார். பேச்சு அத்தோடு முடிந்தது. மச்சினன் முன்னால் விட்ட வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் எந்த ஆணுக்கும் கிடையாது.

அப்பாவுக்கு மரவேலை. கதவு, அலமாரி என்று தொடங்கி அப்போது மாடுலர் கிச்சன்வரைக்கும் வந்திருந்தார். காதில் பென்சில், இடுப்பில் அளவு டேப். அளந்து பார்க்காமல் எதையும் சொல்லமாட்டார். அளந்து சொன்னால் அது தப்பாது. அவருக்குத் தெரியாத வேலை என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதே என் புத்தியில் இல்லை.

எங்கள் ஊரில் ஊருணி இரண்டு. ஒன்று குடிப்பதற்கு, ஒன்று குளிப்பதற்கு. குடிக்கிற ஊருணியில் கால் நனைத்தால் தெருவே சண்டைக்கு வந்துவிடும். போட்டி குளிக்கிற ஊருணியில். அதில் எங்கே இறங்கினாலும் பெரிய ஆளுக்கு நெஞ்சளவு, எனக்கு மூக்குவரை. நடுவில் மட்டும் ஒரு கிணறு. கோடையில் ஊருணி வற்றிப்போனால் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் இறைப்பார்கள். மழை பெய்து ஊருணி பெருகினால் கிணறும் உள்ளே முங்கிவிடும். அதன் கைப்பிடிச்சுவர் எந்தக் காலத்திலோ சரிந்துபோய், படித்துறைக்கு எதிர்ப்புற விளிம்பில் உருளை மாட்டுகிற கல்தூண் ஒன்று மட்டும் தண்ணீருக்கு மேலே இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கும். ஊரில் பிறக்கும் பிள்ளைக்கு நடை வருவதற்கு முன்பே இடுப்பில் வைத்து அந்தத் தூணைக் காட்டி, அங்குட்டுப் போகக்கூடாது என்று சொல்லிவிடுவார்கள். மாமாவின் கூட்டத்தார் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்கு அது வாகான அடையாளமாகத் தெரிந்தது. படியிலிருந்து நீந்திப் போய், தூணைச் சுற்றிக்கொண்டு திரும்பவேண்டும் என்று வைத்துவிட்டார்கள்.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. அப்பா என்னைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, காலை அடி, காலை அடி என்று சத்தம்போடுவார். பிறகு தானே நீந்திக் காட்டுவார். துண்டைத் தலையில் உருமாலாகக் கட்டிக்கொண்டு, தாடையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தி, கைகளை மாறி மாறி வீசிக்கொண்டு கரையோரமாக நிதானமாகப் போவார். கால் அடிக்கிற சத்தமே இருக்காது. நீங்கள் ஏன் காலை அடிப்பதில்லை என்று கேட்டேன். பழகிவிட்டால் அடிக்கத் தேவையில்லை என்றார். நான் நம்பியது மட்டுமல்ல, வகுப்பில் நாலு பேரிடம் பெருமையடிக்கவும் செய்தேன். வேலைக்கு நடுவே அவர் போனில் நீச்சல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். என் பொருட்டுப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஒருவகையில் அதுவும் உண்மைதான்.

மூன்று வாரத்தில் எனக்கு நீச்சல் வந்துவிட்டது. அப்பாவின் கை எப்போது விலகியது என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் நீச்சல் வந்ததும் பயமும் கூடவே வந்தது. அதுவரை கரையோரத்தில் திரிந்தவள் இனிமேல் தூணுக்குப் போகவேண்டும். அடியில் கிணறு வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். நினைத்தாலே சோறு உள்ளே இறங்காது. எனக்குப் போட்டி வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். மாமாவிடம் சொல் என்றார். மாமாவிடம் சொன்னால், பனியனில் பேர் அடித்தாகிவிட்டது என்றார். பனியனுக்காக ஒருத்தி சாகவேண்டுமா என்று கேட்க அப்போது எனக்கு வாய் போதவில்லை.

போட்டிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை. மாமா போனில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு படியில் நின்றார். அப்பா படித்துறைக்கும் தூணுக்கும் இடையில், நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டார். எதிர்க்கரையில் இரண்டு பேர் மினி லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் நீந்திப் போனேன். போகும்போதே திட்டத்தையும் யோசித்து முடித்திருந்தேன். தூணருகே போய் முங்குவதுபோல நடித்துவிட்டால், இந்தப் பிள்ளைக்கு இது ஆகாது என்று அவர்களே நிறுத்திவிடுவார்கள். தூணை எட்டி இடது கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வலது கையால் தண்ணீரை அடித்தேன்.

"அப்பா, காலை இழுக்குது!"

இழுக்கவே இல்லை. இதை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா வந்தார். கையை வீசவில்லை. தாடை தண்ணீருக்கு மேலே நிதானமாக இல்லை. தோள்கள் இரண்டும் ஆட, நெஞ்சால் தண்ணீரை முட்டித் தள்ளிக்கொண்டு, சேற்று வயலில் ஓடுகிறவரைப் போல வந்தார். அப்பா நீந்தவில்லை, நடக்கிறார் என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. மூன்று வாரமும் நடந்துதான் காட்டியிருக்கிறார். திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எனக்கு இரண்டு கை தூரத்தில், அப்பா இல்லை.

ஒரு சத்தமும் இல்லை. தலைத்துண்டு மட்டும் அவிழ்ந்து தண்ணீரில் விரிந்தது. குமிழிகள் வந்தன. எனக்குக் கத்த வரவில்லை. பொய்க்குக் கத்திய தொண்டை நிஜத்துக்குத் திறக்கவில்லை. படியில் மாமா போனைப் பிடித்தபடியே நின்றார். ஒரு கை மேலே வந்தது, விரல்கள் விரிந்து எதையோ தேடின, மறுபடி உள்ளே போயிற்று. அந்தக் கை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு தூணைக் கட்டிக்கொண்டிருந்தேன். லாரி கழுவிய இருவரும் எப்போது குதித்தார்கள், எப்படி முங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. தலைமுடியைப் பிடித்து அப்பாவை மேலே கொண்டுவந்ததிலிருந்துதான் எனக்கு மறுபடி ஞாபகம் இருக்கிறது.

படியில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். வாந்தியும் இருமலுமாகத் தண்ணீர் வந்தது. நான் நானாகவே நீந்திக் கரைக்கு வந்து பக்கத்தில் நின்றேன். அப்பா கண்ணைத் திறந்ததும் முதலில் என் காலைப் பார்த்தார்.

"காலு சரியாயிருச்சா, ஆத்தா?"

"நீங்க நடந்தீக. ஒங்களுக்கு நீச்சல் தெரியாதா?"

"தெரியாது ஆத்தா."

மாமாவும் லாரிக்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பேருக்கு முன்னால் அப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு அவமானமாக இருந்தது. செத்துப் பிழைத்து வந்தவரைக் கட்டிக்கொண்டு அழத் தோன்றவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் மாமாவை வைதார், பிறகு அப்பாவை வைதார். எந்த மச்சினன் மெச்ச இந்த வீராப்பு என்று கேட்டார். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார். வைது ஓய்ந்த பிறகு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ கூப்புடுறப்ப ஒங்கப்பா எம்புட்டு தூரத்துல நின்னாக?"

பதினைந்து இருபது அடி இருக்கும் என்றேன். அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொய் சொன்னவரை வைவதை விட்டுவிட்டு எதற்குத் தூரத்தைக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நானே எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் அப்பா நீச்சல் தெரியாமலே நீச்சல் சொல்லிக்கொடுத்தார் என்று நடித்துக்கூடக் காட்டினேன். சாயங்காலத்துக்குள் அது டீக்கடைக்குப் போய்விட்டது. ஊருணியில் நடைபயிற்சி முடிந்ததா ஆசாரி என்று கேட்டார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

இனிமேல் போட்டிக்குப் போகவேண்டாம் என்று மாமாவே வந்து சொன்னார். நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் எனக்கு வீம்பு வந்துவிட்டது. நிஜமான நீச்சல் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்குக் காட்டாமல் விடுவதில்லை என்று முடிவுகட்டி, போவேன் என்றேன். அப்பா தடுக்கவில்லை. வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் உட்கார்ந்து, காலி டிரம்களின்மேல் பலகை அடித்து ஒரு மிதவை செய்தார். அதை லாரிக்காரர்கள் கொண்டுபோய்த் தூணில் கட்டினார்கள். பயந்த பிள்ளைகள் பிடித்துக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு. போட்டியன்று நான் அதைத் தொடவில்லை. தூணைச் சுற்றித் திரும்பி, சைக்கிள் மிதித்து, ஓடி, ஏழு பேரில் நாலாவதாக வந்தேன். கரையில் அப்பா நான் நீந்திய பக்கமெல்லாம் கூடவே நடந்தாராம். மாமா பிறகு சொன்னார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

போன வருடம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ஊருணி அடியோடு வற்றிக் கிடந்தது. கிணற்றைத் தூர்வார ஆள் வைத்திருந்தார்கள். அளவு சொல்ல அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாத் தடவையும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். நான் பிறப்பதற்கு முன்பே அந்தக் கிணற்றில் இறங்கி, ஆழமும் அகலமும் அளந்து, மண் சரியாமலிருக்க அடியில் மரவளையம் பொருத்தியவர் அவர். விளிம்பு எங்கே தொடங்குகிறது என்பது அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். இதை அன்று அப்பாவைத் தூக்கிய லாரிக்காரர்களில் ஒருவர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

நான் படியிறங்கி, அன்று அப்பா நின்ற இடத்துக்குப் போனேன். அங்கிருந்து தூணை நோக்கி நடந்தேன். நல்ல வெயில். வெடித்துக் காய்ந்த தரை. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. ஒன்பது எட்டு நடந்தேன். பத்தாவது எட்டில் கிணறு தெரிந்தது, கீழே இருட்டு. கால் தானாகவே பின்வாங்கியது. எவ்வளவு சொல்லிப் பார்த்தும் அதற்குமேல் ஒரு விரற்கடைகூட முன்னே வைக்க முடியவில்லை.

பதினோரு வயதில் நான் பார்த்தது, அப்பாவுக்கு நீச்சல் தெரியாது என்பதை மட்டும்தான். தெரியாது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதும், கிணறு எங்கே இருக்கிறது என்பதும் தெரியும் என்பதும், அந்தப் பத்தாவது எட்டை அவர் நிற்காமல் எடுத்து வைத்தார் என்பதும் அன்று எனக்கு விளங்கவில்லை.