திருப்பதி வெளி மாநிலம்

நூலக அறிவியல் என்று ஒரு படிப்பு இருப்பதே எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதில் மேற்படிப்பு வேறு இருக்கிறது, அதற்கு விண்ணப்பம் போட்டு, இடம் வாங்கி, கட்டணம் கட்ட வேண்டும் என்று நான் சொன்னபோது என் அக்கா புருஷன் கேட்ட முதல் கேள்வி, "புஸ்தகம் அடுக்கறதுக்கு இன்னாத்துக்கு ரெண்டு டிகிரி?" என்பதுதான். நாங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவர்கள். அவரை பாவா என்று கூப்பிடுவேன், அப்பாவை நைனா என்று. நைனா போன பிறகு பணம் என்றால் எதற்கும் அவரிடம்தான் போக வேண்டும். பள்ளிப்பட்டில் சின்னதாக ஒரு பவர்லூம் ஷெட் வைத்திருக்கிறார். நானும் அம்மாவும் திருத்தணியில்.

அப்போது நான் ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் உதவியாளர். புத்தக முதுகில் எண் ஒட்டுவேன். மாணவர்கள் கலைத்துப் போட்டதை எடுத்து அதனதன் இடத்தில் வைப்பேன். இளநிலை நூலகப் பட்டம் கையில் இருந்தது. முதுநிலை முடித்தால் நூலகர் ஆகலாம், இல்லாவிட்டால் சாகிற வரை எண் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்று அங்கிருந்த நூலகர் சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னாரா, எகத்தாளமாகச் சொன்னாரா, தெரியாது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் கொடுத்தால் தப்பில்லாமல் போட்டுக் கொடுப்பார்கள் என்று பாவா சொன்னார். எனக்குச் சுர்ரென்றது. "ஊருக்கே புஸ்தகம் தேடிக் குடுக்கறேன். ஒரு ஃபாரம் ரொப்பத் தெரியாதா எனக்கு?" என்று அக்கா எதிரிலேயே கேட்டேன். "ஆங், தெரியும் தெரியும்" என்று சிரித்தார். கட்டணம் முழுவதும் அவர் தருவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரிடம்தான் அப்படிப் பேசினேன்.

போனிலேயே விண்ணப்பத்தை நிரப்பினேன். நடுவில் ஒரு கேள்வி வந்தது: முந்தைய பட்டத்தை வெளி மாநிலத்தில் பெற்றவரா? 'இல்லை' என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

நான் படித்தது திருப்பதியில்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது நம்ப முடியாத முட்டாள்தனமாகத் தெரியும். திருத்தணியில் வளர்ந்தவர்களுக்கு அப்படித் தெரியாது. அக்காவுக்குக் கல்யாணப் புடவை எடுத்தது திருப்பதியில். நைனாவைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தது திருப்பதியில். காலையில் சாப்பாட்டு டப்பாவோடு பஸ் ஏறி, நகரி தாண்டி, வகுப்பு முடித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி குடிப்பேன். நடுவில் ஒரு செக்போஸ்ட் உண்டு. லாரிகள் அங்கே நிற்கும், எங்கள் பஸ் நிற்காது. எனக்கு வெளி மாநிலம் என்றால் ரயிலில் தூங்கி எழுந்து போகிற இடம்.

இடம் கிடைத்தது. சான்றிதழ் சரிபார்ப்பு அன்றே கட்டணம் கட்ட வேண்டும், ரொக்கம் வாங்க மாட்டார்கள் என்று செய்தி வந்தது. பணத்தை முன்கூட்டி என்னிடம் தராமல், தன் கணக்கிலிருந்து தானே கட்டுவதாகச் சொல்லி பாவா என்னோடு வந்தார். தறியை ஒரு நாள் ஆட்களிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார்.

சரிபார்ப்புச் சாளரத்தில் இருந்த பெண்மணி என் பட்டச் சான்றைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி சான்றைப் பார்த்தார்.

"ஆந்திரா டிகிரி. ஆனா வெளி மாநிலம் இல்லன்னு குடுத்திருக்கீங்க. தப்பான தகவல்மா இது."

"திருப்பதிதான் மேடம். எங்க ஊருக்குப் பக்கம். உங்க சென்னைய விடப் பக்கம்" என்றேன்.

"பக்கமா இருந்தா நம்ம மாநிலம் ஆயிடுமா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் கத்தத் தொடங்கினேன். பொய் சொல்லி இடம் வாங்கியதாகச் சொல்கிறீர்களா, நாங்கள் என்ன திருடர்களா என்றெல்லாம் கேட்டேன். அந்தப் பெண்மணி அப்படிச் சொல்லவே இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. தவறு என்னுடையது என்று முதல் வாக்கியத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான் கத்தினேன். பின்னால் நின்ற ஒரு பையன் போனைத் தூக்கிப் படம் எடுக்கப் பார்த்தான்.

அப்போது பாவா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். இரண்டு கையையும் கூப்பினார். ஷெட்டில் யாரையும் வாங்க போங்க என்று கூப்பிடாத மனிதர். நூல் வியாபாரியே அவர் வாய்க்குப் பயப்படுவார். அவர் இடுப்பை வளைத்து, தலையைச் சாளரத்தின் உயரத்துக்குத் தாழ்த்தி, "அம்மா, பொண்ணு தெரியாம போட்டுட்ச்சும்மா. படிக்காத வூட்லருந்து வந்துக்குது. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்" என்றார்.

கையை இறக்கவே இல்லை. அந்தப் பெண்மணிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையை எடுங்க சார் என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு, திருப்பதியிலிருந்து இடம்பெயர்வுச் சான்று வாங்கி வர வேண்டும், வெளிப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கான தகுதிச் சான்றுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், எல்லாவற்றையும் திங்கட்கிழமைக்குள் முடித்தால் இடம் இருக்கும், தவறினால் காத்திருப்போருக்குப் போய்விடும் என்றார். அன்றைக்குக் கட்டணத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

ரயிலில் பாவா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் திருப்பிப் பேசலாம். அவர் வேர்க்கடலை வாங்கிப் பாதியை என் கையில் கொட்டினார். அரக்கோணத்தில் வண்டி நின்றபோது, "நான் ரொப்பியிருந்தாலும் இல்லன்னுதான் போட்டிருப்பேன்" என்றார். அவ்வளவுதான்.

திருப்பதிக்கு அலைந்து, என் சம்பளத்தில் அவசரக் கட்டணம் கட்டி, இடம்பெயர்வுச் சான்றை வாங்கிவிட்டேன். அதற்குள் வேறொன்று நடந்திருந்தது. எனக்காக ஒதுக்கி வைத்த பணம் சும்மா இருக்கிறதே என்று பாவா அதை நூல் வாங்கக் கொடுத்துவிட்டார். நூல் இல்லையென்றால் தறி நின்றுவிடும். அவரைக் குறை சொல்ல முடியாது. முதல் நாளே நான் ஒழுங்காகப் போட்டிருந்தால் அந்தப் பணம் அன்றைக்கே கட்டணமாகப் போயிருக்கும். சனிக்கிழமை ஷெட்டுக்கு வா, வியாபாரிக்குத் துணி போட்ட பணம் வரும் என்று போனில் சொன்னார்.

சனிக்கிழமை அங்கே கூலி நாள். மத்தியானத்தோடு தறியை நிறுத்திவிடுவார்கள். பாவாவிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்கள் எல்லோருக்கும் கூலி கொடுத்து முடிக்கும் வரை சொந்த வீட்டுக்கு ஒரு காசு எடுக்க மாட்டார். அக்காவே ஆனாலும் உட்கார வேண்டும். நானும் நூல் மூட்டை மேல் உட்கார்ந்தேன். தறி ஓடாத ஷெட்டில் யார் எது பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும்.

தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுக்கிற அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, படிப்பு என்ன ஆச்சு என்று விசாரித்தார். நான் பதில் சொல்வதற்குள் பாவா தொடங்கிவிட்டார். கூலியை எண்ணிக்கொண்டே சென்னைக் கதை முழுவதையும் நடித்துக் காட்டினார். "உங்க சென்னைய விடப் பக்கம்" என்று என் குரலில் கத்தினார். சாளரத்துப் பெண்மணி கண்ணாடியை இறக்கிப் பார்த்ததைச் செய்து காட்டினார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"எந்தப் புஸ்தகம் எங்க கீதுன்றதுதான படிப்பு? அந்தப் படிப்புல திருப்பதி எங்க கீதுன்னு சொல்லித் தர மாட்டாங்களா?" என்றார் தார் சுற்றுகிற அம்மா.

"அதுக்குதான் ரெண்டாவது டிகிரி" என்றார் பாவா. மறுபடி சிரிப்பு.

கை கூப்பியதை மட்டும் அவர் சொல்லவில்லை. அவர் கதையில், நான் கத்தினேன், அந்தப் பெண்மணி தேதி கொடுத்தார், நாங்கள் வந்துவிட்டோம். நடுவில் ஒன்றுமில்லை.

எனக்கு முகம் எரிந்தது. "கும்பிட்டதையும் சொல்லு பாவா" என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் சிரிப்பு அப்படியே அவர் பக்கம் திரும்பியிருக்கும். வழக்கமாக எனக்கு அப்படிப்பட்ட வார்த்தை வாயில் நிற்காது, துப்பிவிடுவேன். அன்று நின்றது. அவர் கையில் இன்னும் பணம் இருந்தது. ஆட்களில் பாதிப் பேருக்கு மேல் வாங்கிவிட்டார்கள், மீதிப் பேரும் வாங்கிவிட்டால் அடுத்து நான்.

கடைசி ஆளும் போன பிறகு கூப்பிட்டார். போனை எடுத்து, என் கணக்குக்கு மொத்தத்தையும் அனுப்பினார். "வந்துட்ச்சா பாரு" என்றார். வந்துவிட்டது என்றேன். கோபமா என்று கேட்டார். இல்லை என்றேன். "கோவம் இல்லன்னா மொகம் இன்னாத்துக்கு இப்டி கீது? சொம்மா தமாசுக்கு சொன்னேம்மா" என்றார். தலையாட்டிவிட்டு பஸ் பிடிக்க வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் கட்டினேன். அதே பெண்மணிதான். என்னை அவருக்கு நினைவே இல்லை. அல்லது நினைவில்லாதது போல இருந்தார். ரசீதைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பாவாவுக்கு போன் செய்து இடம் உறுதியாகிவிட்டது என்றேன். "ஆங், நல்லது. அக்காகிட்ட சொல்லு" என்று அக்காவிடம் கொடுத்தார். அக்கா சிரித்துக்கொண்டே, உன்னைப் போலவே பேசிக் காட்டுகிறார், ஷெட்டு முழுக்க இதே பேச்சு என்றாள். சென்னையில் வேறு என்ன நடந்தது என்று அவளுக்கும் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அன்று வாயை மூடியது அவர் மானத்தைக் காப்பாற்றவா, என் கட்டணத்தைக் காப்பாற்றவா என்று ரயிலில் உட்கார்ந்து யோசிக்கிறேன். அவர் மானத்துக்காகத்தான் என்று யாரிடமும் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அன்று அவர் பாதிக் கட்டணத்தை மட்டும் அனுப்பியிருந்தால், மீதிக்காக இன்னொரு சனிக்கிழமை போயிருப்பேன், இன்னொரு தரம் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரிகிறது.